வாதாபி – மணிமங்கலம்: நேரடி மார்க்கம்

வாதாபிக்கும் மணிமங்கலத்துக்கும் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 580 கிலோமீட்டர். ஜெட் விமானமென்றால் முக்கால் மணி நேரம். வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியிடம் இருந்ததோ யானை. படை நாளைக்கு 15 கிலோமீட்டர் நடந்தது, மலையையும் ஆற்றையும் சுற்றாமல் நேர்கோட்டிலேயே வந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் முப்பத்தொன்பது நாள் ஆகும்.

மனிதர் பயணத்துக்கு அஞ்சியவர் அல்ல. வடக்கே ஹர்ஷரையே நர்மதையைத் தாண்டவிடாமல் மறித்தவர். தெற்கே காஞ்சி வரைக்கும் வந்துபோனவர். அவர் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் மதிலுக்குள் பதுங்கினான் என்று கவி ரவிகீர்த்தி 634இல் ஐஹொளேயில் கல்லிலேயே வெட்டிவைத்தார். காசக்குடிச் செப்பேடோ, புள்ளலூரில் மகேந்திரவர்மன் பகைவரை நொறுக்கினான் என்கிறது. ஜெயித்தது யார் என்று அந்தப் புழுதியைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை வந்தபோது காஞ்சியில் மகேந்திரன் இல்லை; மகன் நரசிம்மவர்மன் இருந்தான். பட்டப்பெயர் மாமல்லன். அதைக் கேட்டதுமே புலிகேசி யானையைத் திருப்பியிருக்கலாம். போதாக்குறைக்கு அரியணை இழந்து பல்லவனிடம் அடைக்கலம் புகுந்திருந்த இலங்கை இளவரசன் மானவர்மனும் கூட நின்றான். சாப்பிட்ட சோற்றுக்கு உழைக்கிற விருந்தாளி!

பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று வரிசையாக அடி. ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி நரசிம்மன் 'விஜயம்' என்று எழுதினான் என்கிறது கூரம் செப்பேடு. பின்னால் விரட்டி வந்தவர்களுக்குப் படிக்க வசதி.

நரசிம்மன் அதோடு விடவில்லை. "வந்த விருந்தாளியை வீடுவரை கொண்டுபோய் விடுவதுதானே மரியாதை" என்று நினைத்தானோ என்னவோ, தளபதி பரஞ்சோதியோடு பல்லவப் படை அதே 580 கிலோமீட்டரைத் திருப்பி அளந்து, 642இல் வாதாபியைப் பிடித்தது. ஊர் திரும்பிய பரஞ்சோதி வாளை வைத்துவிட்டுச் சிறுத்தொண்ட நாயனார் ஆகிவிட்டார். அலைச்சல் அப்படி.

இன்று மணிமங்கலத்திலிருந்து வாதாபிக்கு, அதாவது பாதாமிக்குப் போகிறவர் முதலில் முடிச்சூரைக் கடக்க வேண்டும். ஒரகடத்தில் ஷிப்ட் முடிகிற நேரமென்றால் முன்னால் கம்பெனி பஸ், பின்னால் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர், நடுவில் ஷேர் ஆட்டோ. தாம்பரம் தாண்டி மீனம்பாக்கம் போய், பெல்ட்டைக் கழற்றி, மாட்டி, காத்திருந்து, ஹூப்ளியில் இறங்கினாலும் பாதாமிக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போக வேண்டும். முக்கால் மணி நேரத் தூரத்துக்கு முழுப் பகலும் காலி.

இத்தனை கஷ்டத்துக்கும் நரசிம்மன் எடுத்துக்கொண்டது 'வாதாபி கொண்டான்' என்ற ஒரு பட்டம். முதுகில் எழுதிய கதையைச் செம்பில் பொறித்துவைத்தது அவன் பேரன் பரமேசுவரவர்மன். தாத்தா வெளியூர் போய்வந்த பெருமையைப் பேரன்கள் இன்றும் விடுவதில்லை. செம்பு விற்கிற விலையில் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள்.