பத்து வோல்ட்

1991-இல் மாமாவின் மேடை அலங்காரக் கடையில் எனக்குத் தெர்மாகோல் வெட்டுகிற வேலை. முகூர்த்த நாள் வந்துவிட்டால் மணமக்கள் பெயரை விடிய விடிய வெட்டுவோம். பிளேடு போட்டால் மணி மணியாக உதிரும். சூடான நிக்ரோம் கம்பி போன இடமோ வழவழவென்று இருக்கும்.

மூங்கில் வில்லில் அறுபது சென்டிமீட்டர் கம்பி. அதைச் சூடாக்க மாமா ஒரு வழி வைத்திருந்தார். பழைய 450 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கம்பியோடு தொடராக இணைத்து, நேரே 230 வோல்ட்டில் சொருகிவிடுவார். பெட்டி மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குள் பிடித்துக்கொள்ளும். கம்பியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 10 வோல்ட்தான் காட்டும். "பத்து வோல்ட்டுதாண்டா, பயப்படாம வெட்டு" என்பார். மீட்டர் காட்டியது சரியான கணக்குதான். அதனால்தான் அத்தனை பேரும் நம்பினோம்.

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் தரையைக் கழுவிவிட்டு, ஈரம் காயுமுன் பிளக்கை நான் சொருகினேன். இரண்டு முள் பிளக். எப்படித் திருப்பினாலும் உள்ளே போகும். அதுவரை வில் நியூட்ரல் பக்கம் இருந்திருக்கிறது. அன்று மாறிப்போய் ஃபேஸ் முதலில் வில்லுக்கு வந்துவிட்டது. முனைக்கு முனை அதே 10 வோல்ட்தான். ஆனால் தரைக்கும் கம்பிக்கும் நடுவே 230. முனை ஆணியில் விரல் பட்டதுதான் தெரியும், சுவரோரம் கிடந்தேன். சாயங்காலம் வரை வலது கை மரத்துக் கிடந்தது. மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பிளக்கின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டால் பொட்டு வைத்தார். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அது. எனக்கும் வேறு தெரியாது.

இப்போது மகள் கட்டடக்கலை படிக்கிறாள். மாதிரி வீடுகள் செய்ய வில் வேண்டும் என்றாள். டிம்மர்ஸ்டாட் போதும் என்றார் தெரிந்த எலக்ட்ரீஷியன். நான் ஒப்பவில்லை. அதில் இருப்பது ஒரே சுற்று. வோல்ட் குறையுமே தவிர, வீட்டு மின்சாரத்தோடு கம்பிக்குள்ள தொடர்பு அறாது. எனக்கு வேண்டியது அந்தத் தொடர்பு அறுவதுதான்.

பிரைமரியும் செகண்டரியும் தனித்தனியாகச் சுற்றிய 12 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். 6, 9, 12 என்று மூன்று டேப். அதே அறுபது சென்டிமீட்டருக்கு, 0.4 மில்லிமீட்டர் கம்பி என்றால், ஐந்து ஓம் சொச்சம். 12 வோல்ட்டில் 2.3 ஆம்பியர் ஓடும். பிரைமரியில் அரை ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், செகண்டரியில் 3 ஆம்பியர். இரும்புப் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் உடம்புக்கும் எர்த். மிதித்தால் மட்டும் கம்பி சூடாகும்படி செகண்டரியில் கால் சுவிட்ச். சூட்டில் கம்பி நீண்டு தொய்யும், அதற்கு ஒரு ஸ்பிரிங். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அந்தப் புகை நல்லதல்ல.

சொருகுவதற்கு முன் பிளக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் வில்லுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். எங்கும் தொடர்பில்லை. மூன்று முறை பார்த்தேன்.

"பன்னிரண்டு வோல்ட்டுதானேப்பா, எதுக்கு இவ்வளவு?" என்றாள். கையைப் பிடித்து உட்காரவைத்து, அந்தப் பத்து வோல்ட்டின் கதையைச் சொன்னேன்.

போன மாதம் மாமா வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது. மகள் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, கழற்றி வைத்திருந்த மூன்று முள் பிளக்கை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.