காளானுக்கு யார் சொந்தம்?

கேள்வி: காளான் சைவமா, அசைவமா? எங்கள் வீட்டில் தீராத சண்டை.

பதில்: உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் காளான் செடி இல்லை என்று சத்தியம் செய்வேன். அதற்குப் பச்சையம் கிடையாது. வெயிலை வைத்துத் தனக்கு உணவு தயாரித்துக்கொள்ளத் தெரியாது. மட்கும் வைக்கோலின் மேல் நொதிகளைக் கசியவிட்டு, வெளியிலேயே செரிக்கவைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதன் செல்சுவரில் இருப்பது இறால் ஓட்டில் இருக்கிற அதே கைட்டின். உணவைச் சேமிப்பதும் செடியைப் போல மாவுச்சத்தாக அல்ல, நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனாக. மரபணுக்களை ஒப்பிட்டால், பக்கத்தில் கிடக்கும் கத்தரிக்காயைவிட நறுக்குகிற உங்கள் கைக்குத்தான் அது நெருங்கிய உறவு!

கேள்வி: நான் படித்தபோது உயிர்கள் ஐந்து உலகம். என் மகள் மூன்று பெரும்பிரிவு என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரி, மகள் படித்தது புதுசு. 1735-ல் லின்னேயஸ் உயிர்களை விலங்கு, தாவரம் என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டிலும் அடங்காத நுண்ணுயிர்களுக்கு 1866-ல் ஹெக்கல் 'புரோட்டிஸ்டா' என்று தனி இடம் கொடுத்தார். 1969-ல் விட்டேக்கர் பூஞ்சைக்கும் தனி உலகம் தந்து வகுத்த ஐந்துலகம்தான் நீங்கள் படித்தது. அதில் பாக்டீரியாக்களுக்கு 'மொனிரா' என்று பெயர்.

அடியோடு புரட்டிப் போட்டவர் கார்ல் வோஸ். உருவத்தை விட்டுவிட்டு, எல்லாச் செல்களிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை அவர் ஒப்பிட்டார். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பார்வைக்கு பாக்டீரியா மாதிரியே இருந்தாலும் வேறு வம்சம் என்று 1977-ல் தெரிந்தது. அவைதான் ஆர்க்கியா. அசைபோடும் மாட்டின் இரைப்பையில் இந்த நிமிடமும் அவை வேலை செய்கின்றன. 1990-ல் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்று மூன்று பெரும்பிரிவுகளை வோஸும் இரு சகாக்களும் முன்வைத்தார்கள். நாம், காளான், கத்தரிக்காய் மூவரும் யூகேரியா. எனக்கு இதில் பிடித்ததே, பெரிய பெரிய பெயர்கள் சொன்னதையும் சான்று கிடைத்ததும் மாற்றி எழுதுகிற அந்தத் துணிச்சல்தான்.

கேள்வி: வைரஸ் எந்த உலகம்?

பதில்: ஐந்தில் எதிலும் இல்லை. அதற்குச் செல்லே கிடையாது. பன்னாட்டுக் குழு ஒன்று அதற்கென்று தனி வகைப்பாடு வைத்திருக்கிறது.

கேள்வி: ஆறறிவு படைத்த மனிதனுக்கு ஒரு தனி உலகம் கொடுத்தால் என்ன?

பதில்: லின்னேயஸே கொடுக்கவில்லை! 1735-லேயே குரங்கோடும், மரத்தில் தொங்கும் ஸ்லாத்தோடும் நம்மை ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார். பிற்பாடு அந்த வரிசையிலிருந்து விலக்கப்பட்டது ஸ்லாத் மட்டும்தான்.