குறுந்தகடு அடுக்கும் சாஸ்திரம்

மனிதன் சேர்த்து வைக்கும் வஸ்துக்களுள், சேர்ப்பதற்கு எளிதாயும், வைப்பதற்கு அரிதாயும், வைத்தபின் தேடி எடுப்பதற்கு அறவே அசாத்தியமாயும் இருப்பது கர்நாடக சங்கீதக் குறுந்தகடு ஒன்றே என்பதை, சபா வாசல்களில் கடை விரித்திருந்த காலத்து மார்கழி மாதங்களில் பை நிறைய வாங்கி வந்து, அதன் பின்னர் சொந்த வீட்டுச் சுவரில் சாண் இடத்துக்காக மன்றாடிய ரசிகர் எவரும் மறுக்கமாட்டார். ஊறுகாய் ஜாடிக்கும் பட்டுப் புடவைக்கும் வைப்பு முறை வீட்டுக்கு வீடு பரம்பரையாக வந்திருக்கிறது. ஆயிரம் குறுந்தகடுகளை எந்தக் கிரமத்தில் நிறுத்துவது என்பதற்கோ எந்தப் பாட்டியும் விதி சொல்லிவிட்டுப் போகவில்லை. அக்குறையை ஒருவாறு நிவர்த்திக்க முயல்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற்கண் தகட்டின் தேக தத்துவம். பிலிப்ஸ், ஸோனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி வகுத்த அளவின்படி 1982 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவ்வஸ்துவின் குறுக்களவு 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர், அதனைத் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியின் கனமோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆகவே ஆயிரம் தகடுகளுக்குப் பத்து மீட்டர் பலகை வேண்டும் என்பதும், அதில் தகடுகள் கொள்ளும் இடம் 1.2 மீட்டரே என்பதும், எஞ்சியதெல்லாம் காற்றும் பிளாஸ்டிக்கும் பாடகர் தம்பூராவோடு காட்சியளிக்கும் படமுமே என்பதும் கணக்கில் தெளிவாகின்றன. இத்துடன் விசாரத்தை நிறுத்தலாகாது. தகட்டிலும் பெரும்பகுதி பாலிகார்பனேட். ஒளிக்கதிரைத் திருப்பியனுப்பிப் பாட்டை வெளிப்படுத்தும் அலுமினியப் படலமோ ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. ஆயிரம் தகடுகளின் படலங்களையும் உரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக் கூடுமாயின், அவ்வடுக்கு ஒரு சாதாரணத் தாளின் கனத்தோடு நின்றுவிடும். ஐந்து கோசங்களைக் கடந்தே ஆன்மாவைக் காணவேண்டும் என்ற வேதாந்திகள், பத்து மீட்டர் பலகையில் ஒரு தாளளவே சங்கீதம் என்பதைக் கேட்டிருப்பின் மெத்தவும் மகிழ்ந்திருப்பர்.

அப்படலம் இருக்குமிடம் பற்றி ஜனங்களிடையே பெரும் மயக்கம் நிலவுகிறது. பளபளக்கும் முகத்தைக் கண்ணினும் அருமையாய்க் காத்து, எழுத்து அச்சிட்ட முகத்தை மேஜைமேல் தேய்ப்பவர்களே அதிகம். பளபளப்புப் பக்கத்தில் பாலிகார்பனேட் கவசம் இருக்க, எழுத்துப் பக்கத்திலோ மெல்லிய மெருகுப் பூச்சொன்றே காவல். அங்கு விழும் கீறலே நேரே உயிர்நிலையைத் தீண்டுவது. துடைக்குங்கால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்தல் வேண்டும். வட்டமாய்த் துடைத்தால் கீறல் பாட்டோடு கூடவே ஓடிப் பிழை திருத்தும் யந்திரத்தையும் திணற அடிக்கும். பாடும் சக்தியை முற்றிலும் இழந்த தகடுகள் பால்கனியில் நூலில் தொங்கிப் புறாக்களை வெருட்டும் தொண்டினை மேற்கொள்கின்றன.

இனி வரிசைக் கிரமம். இதில் முதலில் நிற்பது அகராதி மதம். பாடகர் பெயரின் அகரவரிசையில் அடுக்குதல் சுலபம் என்பது இம்மதத்தாரின் கூற்று. ஆனால் எவரும் 'சுப்புலட்சுமி எங்கே?' என்று கேட்பதில்லை, 'எம்.எஸ். எங்கே?' என்றே கேட்கின்றனர். ஆகவே அவர் எகரத்துக்குச் சென்றாக வேண்டும். அங்கே எம்.எல். வசந்தகுமாரியும் எம்.டி. ராமநாதனும் என். ரமணியும் எஸ். கல்யாணராமனும் முன்னரே வந்து அமர்ந்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்களுள் எஃப், எச், எல், எம், என், எஸ், எக்ஸ் ஆகிய இத்தனையும் தமிழில் எகரத்தில் வந்து இறங்குவதன் விளைவு இது. டகரத்தின் கதி இதனினும் விசித்திரமானது. மொழிக்கு முதலில் வாராது என்று நன்னூலார் வெளியே நிறுத்திவைத்த அவ்வெழுத்தில், டி.கே. பட்டம்மாள், டி.கே. ஜெயராமன், டி. பிருந்தா, டி.ஆர். மகாலிங்கம், டி.என். கிருஷ்ணன், டி.என். சேஷகோபாலன் ஆகியோர் நெருக்கியடித்து நிற்க, ஆங்கிலத்தில் இரண்டாய் இருந்த எழுத்துக்கள் தமிழில் ஒன்றாகிவிட்டபடியால், எவர் எந்த 'டி' என்று பிரித்தறியவும் வழியில்லை. எகரமும் டகரமும் இவ்வாறு பிதுங்க, ஒகரத்திலும் ஔகாரத்திலும் ஈ ஆடுவதில்லை.

அரியக்குடி, செம்மங்குடி, முசிறி, ஆலத்தூர், லால்குடி என ஊர்ப்பெயரால் அடுக்கும் மதம் ரயில்வே கால அட்டவணையில் பழகியவர்களுக்கு உகந்தது. பிறர் அதனைத் தீண்டவேண்டாம்.

கற்றோர் பெரிதும் மதிப்பது மேளகர்த்தா மதம். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வித்திட்ட 72 மேளத் திட்டத்தில், கடபயாதி முறைப்படி ராகத்தின் பெயரே தன் எண்ணைச் சுமந்து வருவது உலகில் வேறெந்தச் சங்கீதத்துக்கும் வாய்க்காத பாக்கியம் என்று தோன்றுகிறது. மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, புரட்டினால் 15. மேசகல்யாணியில் மே ஐந்து, ச ஆறு, புரட்டினால் 65. நூலக எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டே பிறந்த ராகங்களை அடுக்குவதில் என்ன சிரமம் என்று வினவலாம். சிரமம் யாதெனில், தகட்டில் ஒரு ராகம் இருப்பதில்லை, ஏழெட்டு இருக்கின்றன. தோடியும் கல்யாணியும் சரிநிகராய் விரிந்த ஒரு கச்சேரியை எட்டில் வைப்பதா, 65இல் வைப்பதா என்ற விவாதத்தில், பக்ஷபாதமற்ற ஒருவர் சராசரி காண முற்படுவாராயின், கிடைப்பது முப்பத்தாறரை. அதுவோ சலநாட்டைக்கும் சாலகத்துக்கும் நடுவே, சுத்த மத்யமம் முடிந்து பிரதி மத்யமம் தொடங்காத, எந்த ராகமும் வசிக்காத சூனியப் பிரதேசம்.

இச்சிக்கலை அவிழ்க்கத் தகுந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். (அருணாசலக் கவிராயரும் கோவிந்தராஜனும் சங்கீதத்துக்கு வாய்த்ததும் அவ்வூராலேயே, பாடியவர்களையும் அடுக்கியவரையும் ஒரே மண் அளித்திருக்கிறது.) கணிதம் போதித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்; 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு பொருளின் பல முகங்களைத் தனித்தனியே குறித்து எண்ணாகக் கோக்கும் அம்முறையில் தோடியும் கல்யாணியும் ஒரே எண்ணில் சச்சரவின்றி வாழக்கூடும். எண்ணில் வாழலாம், பலகையில் தகடு ஓரிடத்தில்தான் நிற்கும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது அவருடைய நான்காம் விதி. அதனை அனுஷ்டிப்பவர், நாம் கண்டவரையில், இத்தனை சாஸ்திரத்தையும் கேட்டறியாத வீட்டுப் பெண்மணியே.

அவர் கைக்கொள்வது வண்ண மதம். 'பச்சை அட்டை, ஓரத்தில் விரிசல். சிங்கப்பூர்ச் சித்தப்பா கொண்டுவந்தது' என்று சொல்லிக்கொண்டே, கணவர் மேள எண்ணைப் புரட்டி முடிப்பதற்குள் எடுத்து நீட்டிவிடுகிறார். ராகம், கர்த்தா, வித்வான் எல்லாம் ஒரு தகட்டில் பலவாகலாம். அட்டையின் நிறமும் கொடுத்தவர் முகமும் ஒன்றே ஆதலின், தர்க்க ரீதியாகவும் இம்மதமே நிலைபெறுகிறது. இதற்குள்ள ஒரே ஆக்ஷேபம், அவர் ஊரில் இல்லாதபோது நூலகம் மூடப்பட்டதாகும் என்பது.

பெட்டி கிடைத்தால் தகடு கிடைத்ததாகாது. தகடொன்று ஒன்றேகால் மணி நேரமே கொள்வதால், பழைய முழுக் கச்சேரிக்கு மூன்று தகடுகள் வேண்டும். முதலாவதில் வர்ணமும் சில்லறைக் கிருதிகளும். மூன்றாவதில் துக்கடாவும் மங்களமும். பிரதான ராகமும் தனி ஆவர்த்தனமும் இருப்பது இரண்டாவதில். அவ்விரண்டாவது எப்பொழுதும் காரில் இருக்கும்.

எம்மதத்தைத் தழுவி அடுக்கினாலும் அது மகாளய அமாவாசை வரையில்தான். அன்று கொலுவுக்காகப் பலகைகள் கழற்றப்பட, ஆயிரம் தகடுகளும் அட்டைப்பெட்டிகளுக்குள் புகுந்து கட்டிலடியில் யோக நித்திரை கொள்கின்றன. சரஸ்வதி பூஜையன்று ஏடுகளோடு இவற்றிலும் சிலவற்றை எடுத்து வைப்பது வழக்கமாதலால், உள்ளே தகடில்லாத பெட்டியைப் பூஜையில் வைக்கலாமா என்ற வினா எழுகிறது. வைக்கலாம் என்பதே பெரியோர் தீர்ப்பு. அதே தினத்தில் காருக்கும் சந்தனமிட்டு, மாலை சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஆயுத பூஜை நடப்பதால், இரண்டாம் தகட்டுக்குரியது அதற்கும் முறையே கிடைத்துவிடுகிறது.