ஆத்தா விட்ட பஸ்

வெளிநாடு போவதற்கென்று நம்மவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஊருக்கெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெட்டியைத் திரும்பத் திரும்ப எடை போட வேண்டும். ஊறுகாய் பாட்டிலைப் பாலிதீன் பைக்குள் பையாகப் புதைத்து, ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடு விமான நிலையத்துக்குப் போய்க் கண்கலங்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே வெளிநாடு டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. பஸ் எண் 170. குவீன் ஸ்திரீட்டில் ஏறினால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் லார்க்கின் வரை போகும். நடுவில் ஒரு கடல், இரண்டு குடிநுழைவுச் சோதனைகள், அவ்வளவுதான்.

ரயிலும் உண்டு. சிங்கப்பூர் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸிலிருந்து ஐந்தே நிமிடம். போவதற்கு 5 சிங்கப்பூர் வெள்ளி, திரும்புவதற்கு 5 மலேசிய ரிங்கிட். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற காலத்தில், அதே தண்டவாளத்தில் திரும்பி வருகிறவனுக்கு மட்டும் இவ்வளவு தள்ளுபடி எதற்கு என்று கேட்கக் கூடாது. எப்படியும் அந்த டிக்கெட் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும். ஆக, ரயில் திட்டம் போடுகிறவர்களுக்கு, பஸ் கடவுள்மேல் பாரத்தைப் போடுகிறவர்களுக்கு. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா இரண்டாவது ரகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லியை முடித்துக் கை கழுவியதும் சொன்னார்: “மலேசியாவுல ஒரு கண்ணாடிக் கோயில் இருக்காமேடா. ராஜகாளியம்மன். இன்னிக்கு ஆத்தாளுக்கு உகந்த நாள். ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?”

“பெரியம்மா, அது வேற நாடு.”

“இருக்கட்டுமே. சாயங்காலம் விளக்கேத்த வந்துடலாம்ல?”

சிங்கப்பூருக்கு மறுபடி நுழைய அவருடைய விசா இடம் கொடுக்குமா என்று பார்த்தேன். கொடுத்தது. இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமலே 30 நாள் போகலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. மின்னியல் வருகை அட்டையை பஸ்ஸில் உட்கார்ந்தே கைபேசியில் நிரப்பினேன். ‘தங்கும் இடம்’ என்ற கட்டத்துக்கு என்ன போடுவது என்று கேட்டதற்கு, “ஆத்தா சன்னதின்னு போடு” என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்தது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மொத்த பஸ்ஸும் மூட்டை முடிச்சோடு இறங்கியபோது, துண்டை அங்கேயே விட்டுவிட்டு வரப் பார்த்தார்.

“எடுத்துக்குங்க பெரியம்மா. இந்த பஸ் நிக்காது. சோதனையை முடிச்சிட்டு அடுத்த 170-ல ஏறணும்.”

“பிடிச்ச இடம்?”

“போச்சு.”

ஐம்பது வருடமாக மதுரை மாவட்டத்து பஸ்களில் செல்லுபடியான ஒரு சட்டம், சர்வதேச எல்லையில் செல்லாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் படியிறங்கி, மேலேறி, வரிசையில் நின்று, சோதனையை முடித்து மறுபக்கம் போனால் 170 நின்றுகொண்டிருந்தது. “பாத்தியா, அனுப்பி வச்சிருக்கா” என்றார். அந்த பஸ் எந்நேரமும் வந்துகொண்டேதான் இருக்கும் என்பதை நான் சொல்லவில்லை.

கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். 1924-இல் திறந்தது. கடலில் கருங்கல்லைக் கொட்டி மேடாக்கி, சாலையும் தண்டவாளமும் போட்டார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்துவிடாமல் இருக்க, பிரிட்டிஷார் தாங்கள் கட்டியதைத் தாங்களே வெடிவைத்து உடைத்தார்கள். ஜப்பானியர் எப்படியும் வந்துவிட்டார்கள். 1965-இல் இரண்டு நாடுகளும் பிரிந்தன. அதற்கு முன் இதைத் தாண்ட முத்திரை எதுவும் தேவைப்படவில்லை.

பாலத்தோரம் பெருங்குழாய்கள் ஓடுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். “ஜோகூர்லேருந்து சிங்கப்பூருக்குத் தண்ணி. 1962-இல் போட்ட ஒப்பந்தம், 2061 வரைக்கும். ஆயிரம் கேலன் மூணு காசு” என்றேன். பெரியம்மா குழாயை வெகுநேரம் பார்த்தார். “ரெண்டு நாட்டுக்கு நடுவுல தண்ணி இப்படி ஓடுது. நமக்கு ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல ஓட மாட்டேங்குது” என்றார். இங்கேயும் அந்த விலையைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை என்றதும், “அப்போ சரி, மனுஷங்கதான்” என்று நிம்மதியானார்.

பக்கத்துத் தடத்தில் சிங்கப்பூர் கார்கள் ஊர்ந்தன. சிங்கப்பூரில் பதிவான கார், நாட்டை விட்டு வெளியே போகும்போது முக்கால் டாங்க் பெட்ரோலாவது வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு, எல்லோரும் அங்கேயே நிரப்பிக்கொண்டால் என்ன ஆவது? “நாமளும் இட்லி சாப்பிட்டுத்தானே வந்தோம், முக்காலுக்கு மேலயே இருக்கும்” என்று பெரியம்மா தன் பங்குக்குச் சட்டத்தை மதித்தார்.

ஜோகூர் பாரு சாவடியில் இருந்த அதிகாரி தமிழர். “வாங்கம்மா, பசியாறியாச்சா? எத்தனை நாள் இருப்பீங்க?” என்றார்.

“விளக்கு வைக்கிற வரைக்கும் தம்பி.”

அவர் சிரித்துக்கொண்டே முப்பது நாளுக்கு அனுமதி கொடுத்தார். அந்த மீதி இருபத்தொன்பது நாள் வீணாகப் போகிறதே என்ற விசாரம் பெரியம்மாவுக்குக் கோயில் வரை இருந்தது. “வேற யாருக்காவது எழுதிக் குடுக்க முடியாதா?”

நடந்தே போனோம். உச்சி வெயில். நம்மூரில் எல்லாக் கோயிலும் நடை சாத்தியிருக்கிற நேரம். எனக்கு அடிவயிற்றில் லேசாகக் கலக்கம், அவருக்கு இல்லை. போனால், கோயில் திறந்திருந்தது. குளிரூட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மட்டும் ஒரு சிக்கல். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் 10 ரிங்கிட்.

“ஆத்தாளைப் பாக்க வந்தவ எப்படிடா வெளிநாட்டுக்காரி ஆவா?”

கேள்வி நியாயமானது. அதற்கு ஐக்கிய நாடுகள் சபையிலும் பதில் இருக்காது. நான் இருபது ரிங்கிட்டை நீட்டினேன்.

உள்ளே கூரை, தூண், சுவர் எல்லாம் கண்ணாடிச் சில்லுகள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று சுமார் மூன்று லட்சம். கருவறைச் சுவரில் நேபாளத்து ருத்திராட்சங்கள், அதுவும் மூன்று லட்சம். ஒவ்வொன்றையும் மந்திரம் சொல்லிப் பதித்தார்களாம். பெரியம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்துக் கைவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகமே நூறாகத் தெரிவதால், பக்தர்களில் பாதிப் பேர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பெரியம்மாவும் பொட்டை நடுவுக்கு நகர்த்திய பிறகே கும்பிட்டார்.

கோயிலின் கதை இது. 1922-இல் சிறு குடிலாகத் தொடங்கியது. இடம் கொடுத்தவர் ஜோகூர் சுல்தான். பல பத்தாண்டுகள் கழித்து, கோயிலின் தலைவர் பாங்காக்கில் டுக்டுக்கில் போகும்போது தூரத்தில் ஏதோ வைரமாக மின்னியிருக்கிறது. வண்டியை அங்கே விடச் சொன்னார். போய்ப் பார்த்தால், ஒரு புத்தர் கோயிலின் கண்ணாடி வேலைப்பாடு. அதிலிருந்துதான் இந்தக் கோயிலுக்குக் கண்ணாடி வந்தது. நினைத்த இடத்தில் ஆட்டோவைத் திருப்பச் சொன்ன ஒருவர் இல்லாவிட்டால் இன்று இந்த மினுக்கம் இல்லை. திட்டமில்லாத பயணத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று தோன்றியது.

பெரியம்மாவுக்கு வேறொன்று தோன்றியது.

“கோயில் எப்போ வந்ததுன்னே?”

“1922.”

“பாலம்?”

“1924.”

“பாத்துக்க. முதல்ல ஆத்தா வந்து உக்காந்துட்டா. அப்புறம்தான் பாலம் போட விட்டா. இப்போ தெரியுதா அந்த 170-ஐ யாரு விடுறான்னு?”

எனக்கும் ஒரு கட்சி உண்டு. திட்டமில்லாமல் கிளம்புவது என்றால், யாரோ போட்ட திட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது என்றுதான் பொருள். ஒருவர் கல்லைக் கொட்டினார், ஒருவர் கால அட்டவணை போட்டார், ஒருவர் விடியற்காலையில் எழுந்து வந்து ஸ்டியரிங் பிடிக்கிறார். நாம் எண்ணைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, நம்பிக்கை பலித்தது என்கிறோம். சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொன்னேன். “அத்தனை பேரையும் எழுப்பி விட்டது யாரு?” என்று கேட்டுவிட்டு, வாழையிலைச் சாப்பாட்டில் ரசத்துக்குப் பாத்தி கட்டினார்.

மாலையில் திரும்பும்போது எதிர்த்திசையில் மனித வெள்ளம். முதுகுப்பையோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் என்று விளக்கினேன். விடிவதற்குள் அந்தப் பக்கம், இருட்டியதும் இந்தப் பக்கம்.

“தினமுமா?” பெரியம்மா நின்றுவிட்டார். “தினமும் வெளிநாடு போறவங்களுக்கு வேன் வச்சு யாருடா வழியனுப்புவா?”

ஆறுதலுக்காக, பாலத்தோடு போட்டி போடக் கடலுக்குமேல் புது ரயில் வருவதைச் சொன்னேன். ஆர்டிஎஸ். ஐந்து நிமிடம்தான், இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2010-இல் அறிவித்தார்கள், 2018-இல் ஓடும் என்றார்கள், பிறகு தள்ளித் தள்ளி 2026 கடைசி என்கிறார்கள்.

“அதையும் ஆத்தாதான் விடுறா” என்றார், அடுத்த 170-இல் ஏறித் துண்டைப் போட்டபடி. “கால அட்டவணை போட்டது மட்டும் உன் ஆளுங்க.”