முத்து ரூம்

சி ஷிஃப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்குகிறவனிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பான். என் மகள் அப்படித்தான் கேட்டாள்: "அப்பா, எனக்கு ஆக்ஸலாட்டல் வேணும்." என் காதில் விழுந்தது ஆக்ஸா பிளேடு. ஸ்கூலில் ஏதோ புராஜெக்ட் போலிருக்கிறது என்று, "ரெண்டா வாங்கித் தர்றேன்மா" எனச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் எழுந்தபோது வீடே கொண்டாட்டத்தில் இருந்தது. மொபைலில் படத்தைக் காட்டினாள். பல்லி மாதிரி உடம்பு, ரோஸ் கலர், கழுத்தில் பக்கத்துக்கு மூன்றாகச் சிவப்புக் குஞ்சம், ஹெச்.ஆர். ஆபீஸர் போல எந்நேரமும் ஒரு சிரிப்பு. 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இது புகுந்ததிலிருந்து உலகத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்களாம். என் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"ஏன்டா, பல்லி தண்ணியில விழுந்துட்டா எடுத்து வெளில போடுவோம். இதைக் காசு குடுத்து வாங்கித் தண்ணியில விடுவாங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் "தண்ணீர் 16 முதல் 18 டிகிரி, 24-ஐத் தாண்டினால் ஆபத்து" என்ற வரி என் கண்ணில் பட்டுவிட்டது. அங்கேதான் நான் விழுந்தேன். ஒரகடம் சிப்காட்டில் பார்ட்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் யுடிலிட்டி மெயின்டனன்ஸ். சில்லர், கூலிங் டவர், கம்ப்ரெஸர் எல்லாம் என் பொறுப்பு. லைனுக்கு 7 டிகிரியில் தண்ணி அனுப்புவோம், 12-ல் திரும்பி வரும். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. பதினெட்டு டிகிரி எனக்கு ஒரு வேலையா?

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. நூறு லிட்டர். கூடவே ஹவுஸ் ஓனரும் மாடியேறி வந்தார். "ஒழுகுச்சுன்னா அட்வான்ஸ்ல புடிச்சுப்பேன்" என்று தொட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் மாதம். மத்தியானம் இரண்டு மணிக்கு மாடி டேங்க் தண்ணியில் வாய் கொப்பளித்தால் ஈறு வெந்துவிடும். ராத்திரி முழுக்க ஆறவிட்டும் தொட்டித் தண்ணி 32-க்குக் கீழே வரவில்லை. கணக்குப் போட்டேன். நூறு லிட்டரில் 14 டிகிரி இறக்க 1400 கிலோ கலோரி எடுக்க வேண்டும். ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் 3024 எடுக்கும். ஆக, அரை மணி நேரத்துக்கும் குறைவான வேலை. பேப்பரில் அவ்வளவு லேசாக இருந்தது.

முதலில் ஐஸ். ஒரு லிட்டர் பாட்டிலை உறைய வைத்துப் போட்டால் தொட்டியில் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். பதினாலு டிகிரிக்குப் பதினாலு பாட்டில். எங்கள் ஃப்ரீசரில் நாலு பாட்டில் வைப்பதற்கே நெத்திலியும் பச்சைப் பட்டாணியும் வெளிநடப்பு செய்தன. நாலு பாட்டில் போட்டு 28-க்குக் கொண்டுவந்து, பெருமையாகக் குளித்துவிட்டு வந்தால் மறுபடி 30.

அடுத்து தொட்டிக்கென்றே விற்கும் குட்டி சில்லர். விலையைப் பார்த்த பிறகும் நான் அசரவில்லை. மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, தண்ணியில இருந்து எடுக்கற சூட்டை அது எங்க கொண்டுபோய் விடும்?"

"ரூமுக்குள்ளதான்."

"அப்ப நாங்க எங்க போறது?"

கம்பெனியில் அந்தச் சூட்டைக் கூலிங் டவர் வழியாக வானத்துக்கு அனுப்புகிறோம். வல்லக்கோட்டை ரோட்டில் ரெண்டு பெட்ரூம் வீட்டில் அந்த வசதி இல்லை.

"மண்பானை மாதிரி, மேல காத்து படவிட்டா ஆறாதாடா?" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். தண்ணி ஆவியாகும்போது குளிரும், சரி. ஆனால் எந்தக் கூலிங் டவராலும் வெட் பல்ப் என்ற அளவுக்குக் கீழே போக முடியாது. காற்றில் ஈரம் கூடக்கூட அந்த அளவும் ஏறும். கடல்காற்று வந்து சேரும் நம்ம ஊரில் மே மாதம் அது 27, 28-லேயே நின்றுவிடும். இதையெல்லாம் கை ஆட்டி விளக்கினேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அதான் பானைத் தண்ணி இங்க சரியா ஆறல போல" என்று எழுந்து போய்விட்டாள்.

குளிர் ஒரு பக்கம் கிடக்கட்டும், தொட்டியை வெறுமனே நிரப்பி ஆக்ஸலாட்டலை உள்ளே விட்டுவிடவும் கூடாதாம். அதன் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொன்று. இரண்டும் ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரமாவது ஆகும். கம்பெனிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் எங்கள் ஈ.டி.பி. பிளான்ட் அண்ணனிடம் சொன்னேன். "இதைத்தானே தம்பி நான் டெய்லி வளர்க்கறேன்" என்றார். அப்படியானால் ஒரு மக் ஸ்லட்ஜ் தாருங்கள் என்றேன். "பெயின்ட் ஷாப் தண்ணி கலந்தது. போட்டா உன் பொண்ணோட மீனு மெட்டாலிக் கலர்ல வரும்" என்று அனுப்பிவிட்டார். அது மீன் இல்லை, தவளைக்குச் சொந்தம் என்று திருத்த எனக்குத் தெம்பில்லை.

அதனால் ஆளில்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட ஆரம்பித்தேன், பாக்டீரியாவின் பசிக்கு. பக்கத்துப் போர்ஷன்காரர் ஜன்னல் வழியாக இதை மூன்று நாள் பார்த்துவிட்டு, நாலாவது நாள் என் மனைவியிடம் "சாருக்கு கம்பெனியில பிரஷரா?" என்று விசாரித்திருக்கிறார். தொட்டி மேல் செக் ஷீட் ஒட்டினேன்: தேதி, டெம்பரேச்சர், அம்மோனியா, நைட்ரைட், கையெழுத்து. 'செக்டு பை' கட்டத்தில் மகள் பூனை படம் போட்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில் ஒரகடம் ஜெயித்தது. கேன் தண்ணியில் உப்புச் சத்து போதாதாம். கொஞ்சம் கடினத் தண்ணிதான் இதற்கு உகந்ததாம். பக்கெட்டில் வெள்ளைக் கோடு போடும் எங்கள் போர்வெல் தண்ணியை விரும்பிக் கேட்ட முதல் ஜீவன் இதுதான்.

தீவனம் மண்புழு. ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்கப் போனேன். அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது ஜிலேபி. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்ட மீன். இதன் உறவுக்காரனைத்தான் மெக்ஸிகோ சிட்டியின் சோச்சிமில்கோ கால்வாய்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். ஆக்ஸலாட்டலுக்குச் சொந்த ஊர் என்று மிச்சமிருப்பது அந்தக் கால்வாய்கள் மட்டும்தான். ஜிலேபியும் கெண்டையும் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்றன. பாக்கியை ஊர்ச் சாக்கடை பார்த்துக்கொண்டது. 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6000 என்று எண்ணினார்கள். 2014-ல் 36. மெக்ஸிகோவின் 50 பெசோ நோட்டில் இப்போது அதன் படம் இருக்கிறது. உலகத்து ஆய்வகங்களில் வளர்வதில் பெரும்பாலானவை 1864-ல் பாரிஸுக்கு வந்துசேர்ந்த 34-ன் வம்சமாம். என் மகள் கேட்பது ஒரு பாரிஸ்காரரை.

பெயர்க் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். ஷோலோட்டல் என்று அங்கே ஒரு தெய்வம். சூரியன் நகர வேண்டுமென்றால் தெய்வங்கள் எல்லாம் உயிர்ப்பலி தர வேண்டும் என்று முடிவானபோது இவர் மட்டும் ஓடினார். மக்காச்சோளப் பயிராக நின்றார், கண்டுபிடித்தார்கள். கற்றாழையாக நின்றார், அங்கேயும் வந்துவிட்டார்கள். தண்ணிக்குள் குதித்து இதுவாக மாறினார், பிடித்துவிட்டார்கள்.

"சூரபத்மன் கடல்ல மாமரமா நின்ன மாதிரி" என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். வல்லக்கோட்டை முருகனுக்கு மாசாமாசம் கிருத்திகை தவறாமல் போகிறவள். "அவனையே மயிலாக்கி வச்சுக்கிட்டார் நம்ம சாமி. இதுக்கு முத்துக்குமார்னு பேர் வை."

முத்துக்கு ரூம் தயாரானது ஒரு விபத்தால். கத்திரி தொடங்கிய அன்று தாங்காமல் அந்த ரூம் ஏ.சி.யை 24-ல் போட்டு, தொட்டி மேல் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் தெர்மாமீட்டர் 19. ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சியதும் வெட் பல்ப் 17-க்கு இறங்கியிருக்கிறது. மீதியை ஃபேன் செய்திருக்கிறது. அதாவது மண்பானை. அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

கொளத்தூரில் ஒரு கடையில் முத்து இருந்தது. விரல் நீளம், என்னைப் பார்த்து அதே ஹெச்.ஆர். சிரிப்பு. "பேப்பர் இருக்கா?" என்றேன். வனவுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர் இது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது அந்தப் பட்டியலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். 2024-ல் வந்த விதிப்படி, வைத்திருக்கிறவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். டெலிவரி சலான் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட கேட்டுக்குள் விடாத ஊரில் வேலை செய்கிறவன் நான். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க கப்பி வாங்கிட்டுப் போயிடுங்க சார்."

பேப்பரோடு தருகிறவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதற்குள் அம்மா, "தொட்டியை யாராவது பார்த்துக்கணுமில்ல" என்று பாயோடு அந்த ரூமுக்குக் குடிவந்தாள். பின்னாலேயே மகள். அப்புறம் மனைவி. பகலில் நான் ஏ.சி.யை அணைக்கப் போனால் "முத்துவுக்கு ஆகாது" என்று மூன்று குரல் வரும். கரன்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி, ரேட்டும் மாறி வந்தது. யார் இவ்வளவு இழுத்தது என்று கேட்டேன். முத்துதான் என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹவுஸ் ஓனர் ஒழுகல் பார்க்க வந்தார். கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டு தொட்டி எதிரில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க அது?"

"பைப்புக்குள்ள படுத்திருக்கு. பகல்ல வெளிய வராது" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அவர் குனிந்து பி.வி.சி. எல்போவுக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து நான் மோர் கொண்டுபோனபோதும் அங்கேதான் இருந்தார், ரிமோட் அவர் கையில்.

"சார், எழுப்பட்டுமா?"

"வேணாம் வேணாம், தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்தினார். "இருபத்திநாலு எப்படிப் பத்தும்? இருபத்திரண்டு வைங்க, பாவம்."