ஆர்சி புத்தகத்தில் ஓரெழுத்துத் திருத்தம் கோரி விண்ணப்பம்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துப் பெரியவர்களுக்கு,

ஒரகடம் ரோட்டோரத்திலிருந்து சங்ககிரி டிரெய்லர் டிரைவர் ஒருவன் எழுதிக்கொள்வது. நான் நலம், வண்டியும் நலம். நேற்று காலை பத்து மணியிலிருந்து ரெண்டு பேரும் இதே இடத்தில்தான் நிற்கிறோம். ஆலைக்குள் போக டோக்கன் இன்னும் கூப்பிடவில்லை.

மோட்டார் கேரவன் என்பதற்கு நீங்கள் வகுத்த இலக்கணத்தை டீக்கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம், சமைக்க வசதி, சாமான் வைக்க இடம். குறைந்தபட்சம் இவ்வளவும் இருக்க வேண்டுமாம். கேட்டதும் கையிலிருந்த டீ ஆறிப்போனது. கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி என்றல்லவா நினைத்திருந்தேன்! பதினோரு வருஷமாக நானே ஒன்றில் குடியிருக்கிறேன் ஐயா.

வந்து சோதித்துக்கொள்ளலாம். சீட்டுக்குப் பின்னால் பெர்த் இருக்கிறது. புரண்டு படுக்க வேண்டுமானால் முதலில் எழுந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். டிரெய்லருக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதன் மூடியை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டால் மேசை. மேசைமேல் ஸ்டவ், அடி கறுத்த குக்கர், புளி டப்பா. நேற்று ராத்திரி ரசம் நுரை கட்டும் நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் வண்டி உரசினாற்போல் பறந்தது. கொத்தமல்லி விழ வேண்டிய ரசத்தில் ஒரகடத்துப் புழுதி விழுந்தது. தெளியவிட்டு மேலாக ஊற்றிக்கொண்டேன். பின்னால் நிற்கும் கார் டிரெய்லர்காரர் ஹரியானா. ரெண்டு ரொட்டி கொடுத்தார். பதிலுக்கு ரசம் வேண்டுமா என்றேன், டம்ளரை நீட்டினார். நல்ல அக்கம்பக்கம்.

கழிப்பறை மட்டும் இல்லை. அந்தப் பட்டியலிலும் அது இல்லை என்பதால் பாஸாகிவிட்டேன் என்றே வைத்திருக்கிறேன்.

சிக்கல் ஓரெழுத்தில். கேரவன் ‘எம்’ வகை, அதாவது ஆள் ஏறும் வண்டி. என் வண்டியோ ‘என்’ வகை, சரக்கு வண்டி. அப்படியானால் உள்ளே படுத்திருக்கும் நான் யார் என்று குமாஸ்தாவைக் கேட்டேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போவதற்கு முன் சொன்ன இன்னொன்று: 2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, நாங்கள் ராத்திரி தங்க வேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை தர வேண்டியிருந்ததாம். ஆனால் ஐந்து பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் வந்ததாம். என் முதலாளிக்கு இருப்பது ரெண்டு வண்டி, ரெண்டு டிரைவர். கிளீனர் வைத்த காலம் போயே போய்விட்டது. மீதி மூன்று பேருக்கு எங்கே போயிருப்பேன்?

பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. நல்ல காரியம், வயிற்றெரிச்சல் இல்லை. இந்த வட்டாரத்தில் பூட்டுகிற பாகமெல்லாம் எங்கள் முதுகில் வருகிறது; பூட்டி முடித்த காரும் எங்கள் முதுகில்தான் போகிறது. ஆனால் நாங்கள் எந்த ஆலைக்கும் ஆள் இல்லை. கேட்டுக்கு உள்ளே போனால் ‘டிரைவர் கீழே இறங்கக் கூடாது’. வெளியே நின்றால் ‘வண்டியை எடு’. போன மாதம் என்னுடைய இந்த வீட்டு வாசலுக்கே வந்து, வீடு ரோட்டில் நிற்பதாக அபராதம் போட்டுவிட்டுப் போனார் ஒருவர்.

நீங்களும் சும்மா இருக்கவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயமாக்கிவிட்டீர்கள். பாரத்பென்ஸ் லாரி இதே ஒரகடத்தில்தான் தயாராகிறது. புதுசு புதுசாய் எதிரே போகிறது, பார்க்கவே குளுகுளுவென்று இருக்கிறது. என் வண்டி முன்பே பிறந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் வேக்காடு.

ஆகவே என் ஆர்சியில் ‘என்’னை அடித்துவிட்டு ‘எம்’ என்று போட்டுத்தர வேண்டுகிறேன். அது விதிக்கு ஒத்துவராது என்றால் லாரி நிற்கிற இடத்தில் ஒரு குழாயும் நாலு கக்கூசும் போதும், எழுத்து எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும்.

பதில் எழுத வேண்டிய முகவரி: டீக்கடையைத் தாண்டி மூன்றாவது டிரெய்லர், ஒரகடம். சீக்கிரம் எழுதுங்கள், டோக்கன் கூப்பிட்டுவிட்டால் முகவரி மாறிவிடும்.