அடுத்த வருஷம் கேன்சல்

துபாய் கராமாவில், ஆறு பேர் தங்கும் அறை ஒன்றில், அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு யாருக்கு உரியதோ அவரே அண்ணன். ஊர் பரமக்குடியாக இருக்கலாம், முத்துப்பேட்டையாக இருக்கலாம். வந்து முப்பது வருஷத்துக்குக் குறையாது. மேல்தட்டுக்குப் புதிதாக வரும் பையனிடம் அவர் பெயர் கேட்பதில்லை. "நீ எந்த வருஷம்?" என்பார். பையன் 2023 என்று சொன்னால், கடைசிப் பந்தியும் எழுந்து இலை எடுத்தபின் மண்டபத்துக்குள் நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்ப்பார்.

அண்ணனிடம் வழி கேட்கக்கூடாது. துபாயில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வரும் வழக்கம் இருந்ததில்லை. கடிதமெல்லாம் தபால் பெட்டி எண்ணுக்குத்தான். அதனால் அடையாளம் சொல்லித்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். இப்போது கட்டடத்துக்குக் கட்டடம் பத்து இலக்க மக்கானி எண் வந்துவிட்டது. அண்ணன் அதைச் சட்டை செய்வதில்லை. "டிஃபென்ஸ் ரவுண்டபவுட்ல திரும்பு" என்பார். அந்த ரவுண்டபவுட் மேம்பாலத்துக்குள் மறைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பக்கத்தில் 828 மீட்டருக்கு ஒரு கோபுரம் நிற்கிறதே, அதைச் சொல்லக்கூடாதா? மாட்டார். புர்ஜ் கலீஃபா 2010-ல் திறந்தது. அவர் கணக்கில் அது நண்டு சிண்டு. கட்டடம் என்றால் 1979-ல் வந்த 39 மாடி டிரேட் சென்டர்தான். வாய்ப்பேச்சு முற்றினால் பர்ஸிலிருந்து பழைய நூறு திர்ஹம் நோட்டை உருவித் திருப்பிக் காட்டுவார். பின்பக்கத்தில் டிரேட் சென்டர்!

"புது ஐநூறு நோட்டுல புர்ஜ் கலீஃபா இருக்குண்ணே."

"ஐநூறு நேரா ஊருக்குல்ல போகுது, நான் எங்கேருந்து திருப்பிப் பார்க்கிறது?"

காலையில் கண் விழித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி "ரேட் என்ன?" 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள், அது அசையாது. அசைவதெல்லாம் நம் ரூபாய்தான். ரூபாய் சரிந்தால் டில்லியில் கவலை, கராமா அறையில் மட்டன்.

ஊர் எவ்வளவு மாறினாலும் அசராத அண்ணனைக் கிழமை மட்டும் ஆட்டிவைத்துவிட்டது. 2006 வரை அரசு விடுமுறை வியாழன், வெள்ளி. பிறகு வெள்ளி, சனி. 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு; வெள்ளி அரை நாள். அவர் கம்பெனியும் பின்னாலேயே மாறியது. ஒரே கட்டிலில் படுத்தபடி மூன்று விதமான வாரம் பார்த்துவிட்டார். சனிக்கிழமை விடிகாலையில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, ஷூவில் காலை நுழைத்தபின் உட்கார்ந்துவிடுவது இப்போதும் உண்டு. அதைவிடப் பெரிய சேதம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் போன் செய்து இடத்தகராறை ஆரம்பித்தால் "டியூட்டியில இருக்கேன் மாப்ளே" என்று இத்தனை காலம் தப்பித்துவந்தார். இப்போது இரண்டு ஊருக்கும் ஒரே ஞாயிறு. மச்சினனுக்கும் அது தெரிந்துவிட்டது.

பேச்சு முறையும் அப்படித்தான். ஒரு காலத்தில் கேசட்டின் இரண்டு பக்கமும் பேசி, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் திணித்து அனுப்பினார். பதில் கேசட் வர ஒரு மாதம் ஆகும். சண்டை போட்டாலும் நிதானமாகப் போடலாம். இன்று வாட்ஸாப்பில் எழுதலாம், குரல் அழைப்பு போகாது. அதற்குப் போட்டிம் (Botim) என்ற செயலி இருக்கிறது. அதில் அவர் தினமும் அரை மணி நேரம் வீட்டைப் பார்க்கிறார். அம்மா போனைப் பிடிக்கும் வாகில் பெரும்பாலும் மின்விசிறியைப் பார்க்கிறார்.

சில பழக்கங்கள் சட்டத்தைவிடக் கெட்டி. ரமலான் பகல்களில் உணவகங்கள் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற விதி 2021-ல் துபாயில் தளர்ந்தது. அண்ணன் மட்டும் இன்றும் கதவுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த கடையில் உட்கார்ந்து பர்கர் தின்கிறவனைக் கண்டால் அவருக்குத்தான் வியர்க்கிறது.

ஊருக்குப் புறப்படும்போது அட்டைப்பெட்டி, கயிறு, தொங்கு தராசு எல்லாம் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரும். கோடாரித் தைலம், டாங், நிடோ பால்பவுடர். "எல்லாம் இங்கயே கிடைக்குதுப்பா, ஆன்லைன்ல இன்னும் சீப்" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "அது வேற டேஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பேனாவால் பெரிதாகப் பெயர் எழுதுகிறார்.

2007-ல் சாலிக் என்ற சாலைச் சுங்கம் வந்தபோது "போதும், அடுத்த வருஷம் கேன்சல் பண்ணிட்டுப் போறேன்" என்றார். அவரிடம் கார் இல்லை. 2018-ல் ஐந்து சதவீத வாட் வரி வந்தபோதும் அதையேதான் சொன்னார். சென்ற மாதம் கடக் சாய் விலை ஏறியதற்கும் விசா கேன்சல் என்றுதான் தீர்ப்பானது.

போன வெள்ளிக்கிழமை மதியம் தோளில் புது மெத்தையோடு படியேறி வந்தார்.

"என்னண்ணே, அடுத்த வருஷம் கேன்சல்னீங்க?"

"ஆமாடா. அதுவரைக்கும் முதுகு தாங்கணும்ல?" மெத்தையை இறக்கி, ரசீதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். "பத்து வருஷம் வாரண்டி. ரசீதைத் தொலைச்சிராத, நீதான் சாட்சி."